மலரில் எல்லார் முகமும் ஒரே அளவில் வரட்டும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் மலர் என்று ஏதாவது ஒரு மலர் வேலை என் கடையில் எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும். சுங்கை சிப்புட்டில் படம் எடுப்பது, பழைய படத்தைச் சரிசெய்வது, அழைப்பிதழ் அடிப்பது, அடையாள அட்டையை நகல் எடுத்துக் கொடுப்பது என எல்லாம் கலந்த சின்னக் கடை என்னுடையது. மலர்களில் வரும் கட்டுரைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்குத் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அவற்றில் வரும் முகங்களைப் பற்றி.

எந்த மலரையாவது எடுத்துச் செயலவைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தலைவருக்கு நல்ல பெரிய முட்டை வடிவம். செயலாளருக்கு அதைவிட ஒடுங்கிய ஒன்று. பொருளாளருக்கு நெற்றி பாதி போயிருக்கும். கடைசி வரிசை உறுப்பினர்கள் அஞ்சல்தலை அளவில் இருப்பார்கள், அவர்களிலும் ஒருவருக்கு வட்டம், ஒருவருக்கு முட்டை. மலர் கைக்கு வந்த மறுநாள் யாராவது ஒரு பெரியவர் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வருவார். "ஏம்மா, நானும் அதே ஐம்பது வெள்ளிதானே நன்கொடை கொடுத்தேன்?" என்பார். அந்த மலரை நான் செய்திருக்கவே மாட்டேன், வெளியூர் அச்சகம் ஒன்றில் அடித்திருப்பார்கள். ஆனாலும் கேள்வி என்னிடம்தான் வரும்.

இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் மவுஸைப் பிடித்துப் புதிதாக ஒரு வடிவம் இழுக்கிறார்கள். இருபது முகத்துக்கு இருபது தடவை இழுத்தால் இருபது அளவுதான் வரும். படத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது எறும்பு ஊர்வதைப் போல ஓடும் அந்தக் கோட்டை, செலக்‌ஷனை, தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், நகர்த்தலாம், இன்னொன்று போடலாம், வேறு படத்துக்கும் கொண்டுபோகலாம். இது பல பேருக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலரும் சொல்லித்தருவதில்லை. கணினி வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகளைக் கேட்டால் பின்னணியை ஒரே சொடுக்கில் நீக்கிக் காட்டுகிறார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் வெள்ளைச் சுவர் முன் நிற்கும் பழைய படத்தைக் கொடுத்தால் அந்தச் சொடுக்கு தோளையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் அது வெட்டித் தரும் விளிம்பும் ஒவ்வொரு மாதிரி.

என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, உங்கள் நாளிதழின் பழைய தாளில்தான் ரவிக்கைக் கை, கழுத்து எல்லாம் அளவு வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். துணி மாறும், தாள் மாறாது. கணினியில் சேனல் என்று ஒன்று இருப்பதும் அந்தத் தாளைப் போலத்தான். போட்டோஷாப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் முதல் முகத்துக்குப் பொருத்தமாக முட்டை வடிவம் போட்டுவிட்டு, செலெக்ட் மெனுவில் சேவ் செலக்‌ஷன் கொடுத்து ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். நான் 'அச்சு' என்று வைப்பேன். சேனல் பலகையில் அது ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக உட்கார்ந்துவிடும். வெள்ளை இருக்கும் இடம் தேர்வான இடம், கறுப்பு வெளியே. ஓரத்தை ஃபெதர் கொடுத்து மென்மையாக்கியிருந்தால் அது சாம்பல் நிறமாக அப்படியே பதிவாகும். வேண்டும்போதெல்லாம் லோட் செலக்‌ஷன் கொடுத்தால் அதே வடிவம், அதே அளவு.

இது புதிதாக வந்த வித்தையும் இல்லை. போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. இன்றைக்கு எல்லாரும் பேசும் லேயர், அதாவது படத்தின் மேல் படமாக அடுக்கும் வசதி, 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. சேனல் அதற்கும் முன்பே இருந்தது. பின்னால் வந்த லேயரைப் படித்துவிட்டு முன்னால் வந்ததை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

போன வருடம் வந்த ஒரு வேலையைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஒரு தோட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் பால்மரமும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை, முழுக்கச் செம்பனை. படித்தவர்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். மிஞ்சியது அறுபதுகளில் எடுத்த ஆறாம் வகுப்புப் படம் ஒன்று. ஓரம் கறையான் அரித்து, நடுவில் மடிப்பு விழுந்து வந்தது. மூன்று வரிசைப் பிள்ளைகள், நடுவில் நாற்காலியில் வாத்தியார். செயலவையினர் கேட்டது இதுதான்: படம் முழுவதும் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும், ஒன்றுகூடலுக்கு வருகிறவர்களின் முகம் மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். காலமானவர்களின் முகத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு போட வேண்டும்.

ஒரே படத்தில் அத்தனை முகத்துக்கும் அத்தனை முட்டை வடிவம், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒன்றாகத் தேர்வாகி இருக்க வேண்டும். கையால் இழுத்துக்கொண்டிருந்தால் முடியாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இரண்டாவது வடிவத்தைச் சேர்க்கலாம்தான், ஆனால் அது புதிதாக இழுக்கும் வடிவம், அளவு ஒத்துப்போகாது. கருவியின் மேல்பட்டையில் ஸ்டைல் என்ற இடத்தில் அகலம் உயரம் எண்ணாகக் கொடுத்து அளவை நிலையாக்கலாம். அது நல்ல வழிதான், சுலபமும்கூட. ஆனால் வட்டம், முட்டை, சதுரம் வரைக்கும்தான் அது உதவும். கையால் வளைத்துப் போட்ட வடிவத்துக்கு அங்கே இடமில்லை.

நான் செய்தது இப்படி. 'அச்சு' என்று ஒரு சேனல். 'வருகிறவர்கள்' என்று இன்னொரு சேனல். அச்சை லோட் செய்வேன். முட்டை, சதுரம் இழுக்கும் மார்க்கீ கருவி கையில் இருக்கும்போதே கோட்டுக்குள் மவுஸை வைத்து இழுத்து அடுத்த முகத்துக்குக் கொண்டுபோவேன். அம்புக்குறி விசை ஒரு தட்டுக்கு ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, நகர்த்தும், ஷிஃப்டோடு தட்டினால் பத்து பிக்சல். சரியாக உட்கார்ந்ததும் மறுபடி சேவ் செலக்‌ஷன். இந்தத் தடவை புதுப் பெயர் கொடுக்காமல் 'வருகிறவர்கள்' சேனலைத் தேர்ந்து, அதோடு சேர் என்பதைக் குறிப்பேன். பிறகு மீண்டும் அச்சை லோட் செய்து அடுத்த முகம். அச்சு சேனல் கடைசி வரைக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும், அதில் எதையும் சேர்ப்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டு வடிவமும் ஒன்றாகவே நகர ஆரம்பித்துவிடும், பிரிக்க முடியாது.

நகர்த்தும்போது கண்ட்ரோல் விசையில் விரல் படக் கூடாது. பட்டால் கோட்டோடு முகமும் பெயர்ந்து வந்துவிடும், பழைய இடத்தில் ஓட்டை விழும். இழுத்தவுடன் கத்தரிக்கோல் படம் தெரிந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது வரிசைக்கு வந்தபோது வேறு கேள்வி. பின்னால் நிற்பவர்கள் கேமராவிலிருந்து தள்ளி நிற்பதால் முகம் சின்னதாகத்தான் இருக்கும். முன்வரிசை அச்சை அங்கே வைத்தால் பக்கத்துப் பையனின் காதும் உள்ளே வந்துவிடுகிறது. ஒரே அளவுதான் வேண்டும் என்று செயலவையில் ஒருவர் பிடிவாதமாக நின்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வரிசைக்குள் ஒரே அளவு, வரிசைக்கு வரிசை முகத்தின் விகிதத்துக்குத் தக்க அளவு, அதுதான் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்ம் செலக்‌ஷன் என்ற கட்டளையால் கோட்டை மட்டும் சுருக்கி 'பின்வரிசை அச்சு' என்று இன்னொன்று சேமித்தேன். கண்ட்ரோலும் டியும் அழுத்திச் சுருக்குகிறவர்கள் உண்டு. அது முகத்தையே சுருக்கிவிடும்.

அச்சகத்துக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது கிள்ளானிலிருந்து ஒரு தொலைபேசி. வெள்ளைக் கோடு போட்ட வரிசையில் இருந்த ஒருவர் உயிரோடுதான் இருக்கிறார், மகள் வீட்டில். வேன் ஏற்பாடு செய்தால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். செயலவையில் ஒரே கலவரம், ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அது பத்து நிமிட வேலையாகப் போனது. ஏனென்றால் காலமானவர்களின் வடிவங்களை மட்டும் நான் சேனலாக வைக்காமல், புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து வரையும் பாத் என்ற வகையில் வைத்திருந்தேன். கோடு போடுவதற்குப் பாத் நன்றாக இருக்கும், வளைவு சுத்தமாக வரும். ஒரு முட்டை வடிவத்தைப் பிடித்து ஆல்ட் விசையோடு இழுத்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும், எதை வேண்டுமானாலும் தனியாக நகர்த்தலாம், அழிக்கலாம். அவருடைய வடிவத்தை மட்டும் தொட்டு, கண்ட்ரோலும் எண்டரும் தட்டித் தேர்வாக மாற்றி, 'வருகிறவர்கள்' சேனலில் சேர்த்துவிட்டு, பாத்திலிருந்து நீக்கினேன். சேனலில் மட்டும் இருந்திருந்தால் கழிக்கும்போது ஒரு பிக்சல் தள்ளி வைத்தாலும் பிறை மாதிரி ஒரு கீற்று மிஞ்சும்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஓரம் கூர்மையாக வேண்டுமானால் பாத், ஓரம் மென்மையாகக் கரைய வேண்டுமானால் சேனல். பாத்துக்கு ஃபெதர் தெரியாது, மென்மையை விட்டுவிட்டு ஒரே கோடாக்கிவிடும். செலக்‌ஷனைப் பாத்தாக மாற்றும் கட்டளையும் உண்டு, ஆனால் வளைவு அங்கங்கே கோணிக்கொள்ளும். முட்டை வடிவம் என்றால் ஆரம்பத்திலேயே பாத்தாக வரைந்துவிடுவதுதான் உத்தமம்.

செயலவைப் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே ஒவ்வொரு முகமும் வேறு வேறு படம். வாட்ஸாப்பில் வந்தது, கல்யாண ஆல்பத்தில் வெட்டியது, கடவுச்சீட்டுப் படம் என எல்லாம் வரும். ஒரு படத்தில் சேமித்த வடிவத்தை இன்னொரு படத்தில் லோட் செய்ய வேண்டுமானால் இரண்டு படமும் திறந்திருக்க வேண்டும், இரண்டும் பிக்சல் கணக்கில் ஒரே அகலம் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அந்தப் படத்தின் பெயரே வராது. 'என் கணினியில் வரவில்லை' என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் காரணம். அதனால் முதல் வேலையாக எல்லாப் படத்தையும் 600க்கு 800 பிக்சல் என்று வெட்டிக்கொள்வேன். மலரில் ஒரு முகம் 30 மில்லிமீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் உயரம் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சில் அதற்கு 354க்கு 472 பிக்சல் போதும். 600க்கு 800 தாராளம். அளவு ஒத்துப்போகாத படத்துக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், மார்க்கீ கருவியால் கோட்டைப் பிடித்து அடுத்த படத்தின் சாளரத்துக்குள் இழுத்துப் போடலாம். கோடு மட்டும் போய் உட்காரும்.

வடிவம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, கண்கள் ஒரே உயரத்தில் வர வேண்டும். கைடு கோடு ஒன்றைப் போட்டு, எல்லார் கண்ணையும் அதில் நிறுத்திவிட்டுத்தான் வெட்டுவேன். இதைச் செய்யாமல் விட்டால் ஒரே அளவு வட்டத்துக்குள் ஒருவர் எட்டிப் பார்ப்பார், ஒருவர் மூழ்கிக்கொண்டிருப்பார்.

சட்டமன்ற உறுப்பினரின் படம் வாழ்த்துரையோடு முழுப்பக்கம் வரட்டும், அது மரபு, அதில் நான் தலையிடவில்லை. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் எங்களுடையது. அவர் படத்துக்கு முதல் பக்கங்களில் இடம் உண்டு, அதுவும் நியாயம்தான். 'மகாத்மா காந்தி கலாசாலை' என்ற தமிழ்ப்பள்ளியை அவர் தொடங்கினார். 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். அந்தச் சங்கத்தில் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு போட்டவர்களின் முகம் எந்த வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது? எங்கள் ஊர் பாடநூலுக்குள் போவது 1948 ஜூன் மாதம் தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதற்காக, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கியதற்காக. பால் வெட்டிய பாட்டிமார்களின் முகம் வருவது இந்த மலர்களில்தான். அதிலும் அவர்களை அஞ்சல்தலை அளவுக்குக் குறைத்து, பாதி நெற்றியை வெட்டிப் போட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 'மூத்த தொழிலாளர்கள்' பக்கத்துக்கும் செயலவைப் பக்கத்துக்கும் ஒரே அச்சைத்தான் பயன்படுத்துவேன் என்று வேலை எடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். இதனால் ஒரு கோயில் மலர் வேலை கைவிட்டுப் போனதும் உண்டு. போகட்டும்.

மென்பொருளுக்குக் காசு இல்லை என்பது அடுத்த சாக்கு. போட்டோஷாப் 2013லிருந்து சந்தா முறைக்குப் போய்விட்டது, மாதாமாதம் கட்ட வேண்டும். சின்னக் கடைக்கும் பள்ளிக்கும் அது பாரம்தான். அதற்காகத் திருட்டுப் பதிப்பை ஏற்றிவிட்டு, கணினியில் வைரஸ் புகுந்ததும் என்னிடம் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? கிம்ப் என்ற மென்பொருள் 1996லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது. இதே வேலையை அதிலும் செய்யலாம், முறை மட்டும் கொஞ்சம் மாறும். சேவ் டு சேனல் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் புதுச் சேனல்தான் உண்டாகும், இருக்கும் சேனலோடு அது சேர்க்காது. அதனால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சேனல் ஆகிவிடும். கடைசியில் சேனல் பலகையில் ஒவ்வொன்றாகத் தேர்வோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை கூடத்தான், ஆனால் கிள்ளான் தாத்தா மாதிரி யாராவது பிழைத்து வந்தால் அவர் சேனலை மட்டும் எடுத்து மாற்றிவிடலாம். கோட்டை மட்டும் நகர்த்த மூவ் கருவியை எடுத்து, அதன் விருப்பங்களில் லேயருக்குப் பதில் செலக்‌ஷன் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கிம்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பாத்தை எஸ்விஜி என்ற கோட்டுவடிவக் கோப்பாக வெளியே எடுத்து வேறு படத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்பது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் அடுத்த கணினியிலும் அதே அச்சு.

கைப்பேசிச் செயலிகளில் தயாராக வட்டச் சட்டம் இருக்கிறதே என்று என் அண்ணன் மகன் கேட்டான். படிவம் நான்கில் படிக்கிறான், எல்லாவற்றுக்கும் ஒரு செயலி வைத்திருக்கிறான். தனித்தனி முகத்துக்கு அது சரி, அவசரத்துக்கு நானும் பயன்படுத்துகிறேன். அந்த ஆறாம் வகுப்புப் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை, அந்தச் சேனலையே சொல்லிக்கொடுங்க" என்றான்.

ஐயா, தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கணினிப் பாடம் வரும்போது இதையும் ஒரு வாரம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். பூவை வெட்டி வானத்தில் ஒட்டுவது எப்படி என்பதைவிட, ஒரு வகுப்புப் படத்தில் இருபது முகத்துக்கு ஒரே அளவு வடிவம் போடுவது எப்படி என்பதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாளைக்கே வேலையாக வரும். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கும் முகத்தின் அளவு என்ன, எத்தனை பிக்சல் என்று ஒரு சின்னக் குறிப்பு அச்சிட்டால் உங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கும் வேலை குறையும்.

மலர்க்குழுக்களுக்கு இன்னும் ஒன்று. வேலை முடிந்ததும் அச்சகத்திடமிருந்து ஜேபெக் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். ஜேபெக்கில் சேமித்தால் சேனல் எல்லாம் போய்விடும். போட்டோஷாப் என்றால் பிஎஸ்டி கோப்பையும் கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்கி, செயலாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து அடுத்தவர் கையில் ஒப்படையுங்கள். என்னிடம் செய்தவர்களுக்கு நான் கேட்காமலேயே கொடுத்துவிடுகிறேன், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
படக்கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்.